இரண்டாம் வகுப்பில் வாரம் முழுக்கப் பாட்டும் கதையும்: நோட்டு ஏன் காலியாக இருக்கிறது?

11 நவம்பர் 2024, திங்கள். சேலம் சூரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா கேட்டது:

என் மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஜூனிலிருந்து பார்க்கிறேன், தினமும் பாட்டு, கதை, பொம்மை, முகமூடி. நோட்டைத் திறந்தால் வாரத்துக்கு இரண்டு பக்கம்கூடத் தேறாது. பயிற்சி நூலில் மட்டும் அங்கங்கே வட்டம் போட்டிருக்கிறாள். என் அக்கா பையன் தனியார் பள்ளியில் அதே இரண்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை ஆனால் அடுத்த வாரம் என்ன நடத்தப் போகிறார்கள் என்று தாளே வந்துவிடுகிறது. நான்கு கோடு நோட்டு ஒன்று முடிந்து அடுத்தது வாங்கியாயிற்று. இவள் என்ன படிக்கிறாள் என்றே எனக்குப் பிடிபடவில்லை. டீச்சரைக் கேட்டால் "நல்லாத்தாங்க படிக்கிறா" என்கிறார். ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வாரம் முழுக்க வகுப்பில் என்னதான் நடக்கிறது?

11 நவம்பர், இரவு

நான் ஏற்காட்டுக்கு மேலே, நாகலூர் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறையில் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், எத்தனை வகுப்பு என்பது கணக்கில் வராது. அதனால் நான் சொல்வது என் அறையின் கதை. சூரமங்கலத்தில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கலாம், அங்கே கொஞ்சம் மாறும்.

உங்கள் மகள் வகுப்பில் நடப்பது எண்ணும் எழுத்தும். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புக்குத் தொடங்கியது, அடுத்த ஆண்டே நான்கு, ஐந்துக்கும் வந்துவிட்டது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் எழுத்தே தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்காகப் பிறந்த திட்டம். எட்டு வயதுக்குள் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வரவேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகளை வகுப்பு வைத்துப் பார்க்காமல் நிலை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் மகளின் பயிற்சி நூலில் எந்தப் பகுதியில் வட்டம் போட்டிருக்கிறாள் என்று முதலில் பாருங்கள். எந்த நிலையில் நிற்கிறாள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வாரத்தைப் பொறுத்தவரை, பாட்டு என்றால் சும்மா பாட்டு இல்லை. அந்த வாரம் வரப்போகிற எழுத்தும் சொல்லும் அந்தப் பாட்டில்தான் ஒளிந்திருக்கும். திங்கள் பாடுவோம், செவ்வாய் அந்தச் சொற்கள் அட்டையில் வரும், புதன் அட்டையைப் பிரித்து எழுத்தாக்குவோம், வியாழன் வேறு சொல் செய்வோம். வெள்ளி அன்று யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பார்ப்போம். இது கையேட்டில் இருக்கிற அழகான வாரம். நடக்கிற வாரம் இப்படி இருக்காது. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

13 நவம்பர், புதன்

ஆத்தூரிலிருந்து ஒருவர், "பாட்டுப் பாடிச் சம்பளம் வாங்குகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். சரிங்க. வந்து பாடிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்போடு நான்கு வரிப் பாட்டை ஒரே நாளில் பத்து தடவை பாடியவர்கள் தொண்டைக்கு என்ன ஆகும் என்று இருமல் மருந்துக் கடையில் கேளுங்கள்.

14 நவம்பர், வியாழன்

இன்று குழந்தைகள் தினம். கலர் டிரஸ். எங்கள் அறையில் இரண்டு நேரு, ஒரு பாரதியார், ஒரு "கலெக்டர்". கலெக்டர் என்ன செய்வார் என்று கேட்டேன். "லீவு விடுவாரு டீச்சர்."

எழுத்து வேலை எதுவும் நடக்கவில்லை, நோட்டு இன்றும் காலி.

17 நவம்பர், ஞாயிறு

இன்று உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நிரம்பிய நோட்டு எனக்கு எதையும் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது. "கொக்கு" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு நோட்டைப் பார்த்தால் "கொக்கு" என்று சரியாகத்தான் இருக்கும், டிக் போட்டுவிடுவீர்கள். எழுதும்போது அந்தக் கையைப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் முதலில் "க" எழுதும். காதில் முதலில் விழுவது அந்த ஒலிதானே. அப்புறம்தான் ஏதோ விட்டுப்போனது நினைவு வந்து, இடது பக்கம் இருக்கிற துளி இடத்தில் கொம்பை நசுக்கித் திணிக்கும். பிறகு வலது பக்கம் கால். கோட்டை ஒட்டி எழுதியிருந்தால் கொம்புக்கு இடமே இருக்காது, மார்ஜினைத் தாண்டிப் போகும். இந்தப் பிள்ளைக்கு எழுத்து வடிவம் தெரியும், எழுதும் வரிசை தெரியாது. மூன்றாம் வகுப்பில் வேகமாகச் சொல்லி எழுதச் சொன்னால் கொம்பையே விட்டுவிடும். கொடி "காடி" ஆகிவிடும். அப்போது "உங்க பிள்ளைக்குக் கவனமே இல்லை" என்று நாமே சொல்வோம்.

இதை நான் கண்டுபிடிப்பது நோட்டில் இல்லை, தரையில். சுவரின் அடியில் ஓடுகிற கரும்பலகை உங்கள் பள்ளியிலும் இருக்கும், பிள்ளை உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில். செயல்வழிக் கற்றல் (ஏபிஎல்) காலத்தில் வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு இடம், ஆளுக்கு ஒரு சாக்பீஸ். பின்னால் நின்றால் ஆறு கை ஒரே நேரத்தில் தெரியும். யார் கொம்பை முதலில் போடுகிறார்கள், யார் பக்கத்துப் பலகையை எட்டிப் பார்க்கிறார்கள், எல்லாம் தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் அழித்துவிடுவோம், வீட்டுக்கு எதுவும் வராது. உங்கள் மகள் இந்த வாரம் நூறு சொல் எழுதியிருக்கலாம், அத்தனையும் டஸ்டரில் போயிருக்கும்.

இன்னொன்று. உண்மையான தேர்வு வெள்ளிக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளையும் படிக்கும், நாலு நாளாக அதே சொல்லைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. சனி, ஞாயிறு போய்த் திங்கள் காலையில் அதே அட்டையை நீட்டினால் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நான் திங்கள் முதல் மணியில் புதுப் பாட்டு எடுப்பதில்லை. போன வாரத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு, பேசாமல் உட்கார்ந்துகொள்வேன். சில திங்களில் மனசு நிறையும். சில திங்களில் போன வாரமே நடக்காதது மாதிரி முழிப்பார்கள். வெள்ளி மதிப்பீட்டில் முழு மதிப்பெண் வாங்கியது திங்களன்று "ட"வுக்கும் "ப"வுக்கும் தடுமாறும். அதைப் பதிய எந்தக் கட்டமும் கிடையாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: ஞாயிறு சாயங்காலம், போன வாரம் பாடிய பாட்டைப் பாடச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, அந்தச் சொல்லைத் தரையில் எழுதச் சொல்லுங்கள். "என்ன படிச்ச?" என்று கேட்டால் உலகத்தில் எந்தப் பிள்ளையும் "ஒன்னுமில்ல" என்றுதான் சொல்லும்.

18 நவம்பர், திங்கள்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "எண்ணும் எழுத்தும் என்பது ஏபிஎல்தான், பேர்தான் புதுசு" என்கிறார். சார், அரைவாசி ஒப்புக்கொள்கிறேன். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்க வந்தது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிகளில் பார்த்துவிட்டு வந்து நம் ஊருக்கு மாற்றினார்கள். அதில் ஏணிப்படி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தானே தன் அட்டையை எடுத்து, தன் வேகத்தில் ஏறும். வாரம் என்ற பேச்சே கிடையாது. ஒரு பிள்ளை ஒரே அட்டையில் பத்து நாள் நிற்கும், இன்னொன்று அந்த நேரத்தில் ஐந்து படி தாண்டிவிடும். இப்போது உள்ளதில் பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொது, அப்புறம்தான் நிலைவாரியாகப் பிரிகிறோம். ஒன்றாகத் தொடங்கி மூன்றாகப் பிரிவது. ஒரே அறையில் மூன்று வகுப்பு வைத்திருக்கிற எனக்கு இது பரவாயில்லை. ஏணி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மெதுவாகப் போகிற பிள்ளை மூலையில் தன் அட்டையோடு தனியாகவே உட்கார்ந்திருக்கும். இப்போது பாட்டு நேரத்திலாவது அதுவும் கூட்டத்தில் இருக்கிறது.

தாழ்ந்த கரும்பலகையும், படம் தொங்கவிடுகிற கம்பிப் பந்தலும் ஏபிஎல் விட்டுப்போன சொத்து. அதற்கு நன்றி.

21 நவம்பர், வியாழன்

வாழப்பாடியிலிருந்து ஒருவர் எழுதியது இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. "டீச்சர், நீங்க சொல்றது படிச்ச அம்மாவுக்குச் சரி. எங்க ஆயா படிக்கத் தெரியாதவங்க. நான் ஸ்கூல்ல இருந்து வந்ததும் நோட்டை விரிச்சு சிவப்பு டிக் எத்தனைன்னு எண்ணுவாங்க. அவங்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சேதி அது ஒன்னுதான்."

இங்கே மேலேயும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலோர் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள். தாத்தா பாட்டி பலர் பள்ளிக்கூடம் மிதித்ததில்லை. அவர்களிடம் போய் "ஞாயிறு சாயங்காலம் பாட்டை நிறுத்தி எழுதச் சொல்லுங்க" என்று சொல்ல முடியுமா? நிரம்பிய நோட்டு எனக்கு எதுவும் சொல்லாது என்பது இன்றும் என் எண்ணம்தான். ஆனால் நோட்டு எனக்கு மட்டும் இல்லையே.

அதனால் இந்த வாரத்திலிருந்து ஒரு பக்கம் வீட்டுக்குப் போகிறது. மேலே படம், கீழே பிள்ளை தன் கையால் எழுதியது. அரும்பு என்றால் இரண்டு சொல், மலர் என்றால் மூன்று வாக்கியம். கீழே சிவப்பில் பெரிய டிக். வீட்டில் யாராவது அதன் மேல் ஏதாவது ஓர் அடையாளம் போட்டு அனுப்ப வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ, எதுவானாலும் சரி. இன்று வந்த ஒன்றில் கைநாட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கறை, குழம்பு வைக்கிற நேரம் போலிருக்கிறது. இன்னொன்றில் பாட்டி பூ வரைந்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பிள்ளை அதை எல்லோரிடமும் காட்டி முடிக்க அரை மணி ஆனது.

சூரமங்கலத்து அம்மா, உங்கள் மகள் பள்ளியிலும் வாரம் ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள். அந்த வாரத் தாள் மாதிரி எல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் போதும்.

22 நவம்பர், வெள்ளி

பேர்லேண்ட்ஸ் பக்கம் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிற டீச்சர் ஒருவர், வாரத் தாளை நான் கிண்டல் செய்கிறேன் என்று கோபப்பட்டிருக்கிறார். கிண்டல் இல்லைங்க. தாள் நல்லதுதான், அது ஆசிரியரைக் கட்டிப் போடும்போதுதான் சிக்கல். "திங்கள்: பக்கம் 42, செவ்வாய்: பக்கம் 44" என்று பெற்றோருக்கு அனுப்பிவிட்ட பிறகு, பிள்ளைக்கு 42 வரவில்லை என்றாலும் 44க்குப் போயாக வேண்டும். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கைவேலை வீட்டுப்பாடத்தில் பாதி அம்மாக்கள் செய்ததுதான் வருகிறது என்று. தெர்மாகோல் வீடுகளைப் பற்றி நான் என்ன சொல்ல.

24 நவம்பர், ஞாயிறு

கணக்கைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்த வாரம் நடந்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்.

நவம்பர் வந்தால் இங்கே காப்பிப் பழம் எடுக்கும் பருவம் தொடங்கிவிடும், பொங்கல் வரை போகும். விடியும்போதே பெரியவர்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும் மாதங்களும் இவைதான், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்பு அக்கா வீட்டில் நின்றுவிடும். 2023 ஆகஸ்டில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியாத காலையில், எட்டரைக்கே தங்கச்சியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். தங்கச்சியும் சாப்பிடும், யார் விரட்டுவது.

ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் கால்சட்டைப் பை நிறைய சிவந்த பழம் கொண்டுவந்திருந்தான். தோலைப் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும், மேலே ஒட்டுகிற வழுவழுப்பு இனிக்கும். பிள்ளைகள் அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவார்கள். சப்பிய கொட்டைகளை அப்படியே கணக்குக்கு எடுத்துக்கொண்டோம். ஒரு பழத்துக்கு இரண்டு கொட்டை, தட்டைப் பக்கம் ஒட்டிக்கொண்டு. ஐந்து பழம் என்றால் பத்து. ஏழு பழம் என்றால்? எண்ணாமல் சொல்லு. இரண்டாம் வாய்பாடு அரை மணியில் முடிந்தது. ஒன்றாம் வகுப்பும் கூடவே சொல்கிறது. அட்டையும் இல்லை, மணிச்சட்டமும் இல்லை.

அப்புறம் ஒரு குரல்: "டீச்சர், எங்கிட்ட பதிமூனு வருது!" ஏழு பழம் பிரித்தவளுக்குக் கொட்டை பதிமூன்று. ஒன்றை முழுங்கிவிட்டாளோ என்று பார்த்தால், ஒரு பழத்தில் ஒற்றைக் கொட்டைதான் இருந்தது. தட்டைப் பக்கமே இல்லாமல் உருண்டையாக. தோட்டத்தில் பீபெரி என்று தனியாகப் பிரித்து விற்பார்களே, அது. இதுவரை ஒப்பிக்கிற சுருதியில் போன வகுப்பு அப்போதுதான் சூடு பிடித்தது. பழத்துக்கு இரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது, பிரித்துப் பார்த்தாக வேண்டும் என்று ஒரு கட்சி. பழத்தைக் கையில் உருட்டினாலே தெரியும், பிரிக்க வேண்டாம் என்று இன்னொரு கட்சி. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அன்றைய பாடக்குறிப்பில் எழுதியிருந்தது: "பெருக்கல், மீள் கூட்டல், ஒரு பாடவேளை." நோட்டில் எழுதியது: எதுவுமில்லை.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, அறை முழுக்கத் தோல் கிடக்கிறது, எறும்பு வரும் என்றார். வந்தது.

25 நவம்பர், திங்கள்

இன்று காலை அட்டை போடவில்லை, பழக் கணக்குக் கேட்டேன். எட்டுப் பழம், ஒன்று ஒற்றைக் கொட்டை, மொத்தம் எத்தனை? மூன்றாம் வகுப்பில் எல்லோரும் பதினைந்து. இரண்டாம் வகுப்பில் பாதிப்பேர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்று எழுந்து, "பழம் எங்க டீச்சர்?" என்றது. அதற்கு அதுதான் முக்கியம்.

ஆனால் "கொடி, கொக்கு" அட்டைக்குப் பழையபடி முழித்தார்கள். பழம் நினைவிருக்கிறது, கொம்பு நினைவில்லை. இந்த வாரமும் கொம்புதான்.

27 நவம்பர், புதன்

கிழமைகள் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லாமல் போய்விட்டது. காலை உணவில் இந்த ஆண்டு (2024) திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். மத்தியானச் சாப்பாட்டில் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ வந்தால் செவ்வாய், உருளைக்கிழங்கு வந்தால் வெள்ளி. "நேத்து என்ன கிழமை?" என்றால் யோசிக்கிற பிள்ளை, "நேத்து என்ன சாப்பிட்ட?" என்றால் உடனே சொல்லும், அப்புறம் தானே கிழமைக்கு வந்துவிடும். "நாளைக்கு மறுநாள்" என்பது மட்டும் இன்னும் சிக்கல். அதற்கும் சாப்பாடுதான் வழி.

28 நவம்பர், வியாழன்

கழித்தல். 32இல் 17. பத்துக் குச்சி கட்டிய மூன்று கட்டு, உதிரி இரண்டு. ஒரு கட்டை அவிழ்த்து உதிரியோடு சேர்க்க வேண்டும். புத்தகத்தில் இனமாற்றம் என்று போட்டிருக்கிறது, நான் பழக்கத்தில் "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்றுவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து: "எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" தோட்டத்தில் முன்பணம் வாங்கிக் கழிக்கிற வீட்டுப் பிள்ளை அது. இனமாற்றம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

30 நவம்பர், சனி

புயல் மழை தொடங்கிவிட்டது. மாணவர் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றச் சொல்லி நினைவூட்டல் வந்தபடி இருக்கிறது. மேலே மழை வந்தால் முதலில் போவது கரண்ட், அடுத்து சிக்னல். பாறை மேல் ஏறி நின்று கையைத் தூக்கினால் ஒரு கோடு வரும். இடி இடிக்கும்போது பாறை மேல் ஏறி மதிப்பெண் போட நான் தயாரில்லை. திங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

4 டிசம்பர், புதன்

திங்கள் எங்கே வந்தது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது புதுச்சேரி பக்கம், கொட்டியது எங்கள் தலையில். மலைச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். நான் கீழே சேலத்தில் மாட்டிக்கொண்டேன், பிள்ளைகள் மேலே. கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் நலம். தலைமையாசிரியர் மேலேயே குடியிருப்பதால் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டார்.

8 டிசம்பர், ஞாயிறு

மேலே போய்ச் சேர்ந்த நாளில் வாரத் திட்டத்தை மூடி வைத்துவிட்டேன். யாரும் பாட்டுக் கேட்கிற நிலையில் இல்லை. எல்லோருக்கும் சொல்ல ஒன்று இருந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சரி, எழுதுங்கள் என்றேன். அரும்புப் பிள்ளைகள் படம். மொட்டு, படத்துக்குப் பக்கத்தில் சொல். மலர், வாக்கியம்.

"மல" என்று எழுதி நிறுத்தியது ஒன்று. மழையா, மலையா? "ரெண்டுந்தான் டீச்சர், மலை மழையில விழுந்துருச்சு." ல, ழ, ளவுக்கு வாரக்கணக்காக அட்டை காட்டியிருக்கிறேன், கவனித்ததே இல்லை. அன்று எந்த "ழ" எங்கே என்று அதுவே கேட்டு எழுதிக்கொண்டது.

மலர் நிலைப் பிள்ளை ஒன்று எழுதியது: "எங்க வீட்டு ஓடு போச்சு. கோழி கட்டிலுக்குக் கீழ இருந்துச்சு. அப்பா தூங்கல."

இதை இங்கே சொன்னதும் ஆத்தூர்க்காரர், பேச்சு வழக்கில் எழுத விடலாமா, "போயிற்று, இருந்தது" என்று திருத்த வேண்டாமா என்று கேட்கிறார். பாட்டு விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது, இந்தக் கேள்வி நியாயமானது. என் வழி இது: முதல் நாள் தொடமாட்டேன். முதல் முறையாக ஒரு பிள்ளை மூன்று வாக்கியம் தானே எழுதியிருக்கிறது, கேட்டு எழுதியதோ பார்த்து எழுதியதோ இல்லை. அங்கே சிவப்பு மையால் கோடு போட்டால், அடுத்த முறை "மழை பெய்தது. மழை நல்லது." என்று பாதுகாப்பாக எழுதிவிட்டுப் போய்விடும். ஒரு வாரம் கழித்து அதே தாளை எடுத்து, புத்தகத்தில் இதை எப்படி எழுதியிருப்பார்கள் என்று சேர்ந்து பார்ப்போம். "இருந்துச்சு"வைத் திருத்த வருடம் பூராவும் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எழுத்து வழக்குக்கு வந்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்தத் தாள் வீட்டுக்குப் போகும் பக்கமாகவும் போனது. அப்பா கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறார்: "ஓடு மாத்தியாச்சு."

9 டிசம்பர், திங்கள்

சூரமங்கலத்து அம்மா எழுதியிருக்கிறார். மகள் மொட்டு நிலையாம். பாட்டை நிறுத்தி எழுதச் சொன்னதில் ஐந்து சொல்லில் மூன்று சரியாம், இரண்டில் கொம்பு பின்னால் வந்ததாம். உட்கார்ந்து கையைப் பார்த்திருக்கிறீர்களே, அதுதான் பாதி வேலை. திருத்தும்போது "தப்பு" என்று சொல்லாமல், சொல்லைச் சொல்லும்போதே "கொம்பு போட்டு, க, கால்" என்று எழுதும் வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். வாய் சொன்னால் கை கேட்கும். மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

வாரப் பக்கம் பற்றி டீச்சரிடம் கேட்டதற்கு அவர் "பார்க்கலாம்" என்றாராம். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாரம் பத்துப் பிள்ளை என்று முறை வைத்து அனுப்பினால் மாதம் ஒரு முறை எல்லோருக்கும் வந்துவிடும். அப்படிக் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

10 டிசம்பர், செவ்வாய்

பருவத் தேர்வு முடிந்து வரும்போது முகத்தல் அளவை. லிட்டர், மில்லிலிட்டர் எல்லாம் தண்ணீர் பாட்டிலில் பார்த்துக்கொள்ளலாம். ஆழாக்கு, உழக்கு, படி மூன்றும் வைத்து ஊற்றிக் காட்ட ஆசை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி என்று வாயால் சொன்னால் ஏறாது. படி எங்கள் சத்துணவுக்கூடத்தில் இருக்கிறது. பழைய உழக்கும் ஆழாக்கும் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பாத்திரக் கடையில் விசாரித்தேன், அலங்காரத்துக்கு வைக்கிற குட்டிப் பித்தளைதான் இருக்கிறதாம். அதில் அரிசி அளந்தால் மூன்றாம் வகுப்பு என்னைக் கேலி செய்யும். அடி நசுங்கியிருந்தால் வேண்டாம், கணக்கு தப்பிவிடும்.